தொட்டுக்கொள்ளச் சோறு

எலுவன்குளம்
2024.08.06, செவ்வாய்

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கையெழுத்தைக் கண்டதும் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். முதலில், கருவாட்டு வேன் வின்சன்ட் கொண்டுவந்து தரும் ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

உங்கள் மகள் றுஷ்னாவின் கலியாண வீட்டில், அத்தனை சனத்துக்கு முன்னால், "வல்லாஹி, இனி உன்னோட வாய் திறந்து கதைக்க மாட்டன்" என்று என்னைப் பார்த்துச் சத்தியம் செய்தீர்கள். மூன்று மாதமாகிறது. போன் எடுத்தால் மச்சான்தான் பேசுகிறார். "ராத்தா தொழுகையில" என்கிறார். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை வக்துத் தொழுவாள் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் கடிதம். கதைக்க மாட்டேன் என்றுதானே சொன்னீர்கள். வாசிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை, தின்ன மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பெட்டியில் இருப்பது மெக்சிக்கோச் சோறு. என் வீட்டுக்காரர் ஜீப்பில் வில்பத்துக் காட்டுக்குக் கூட்டிப்போகும் வெளிநாட்டுக்காரர்களுக்கு இப்போது எங்கள் வீட்டில்தான் பகல் சாப்பாடு. போன மாதம் மெக்சிக்கோவிலிருந்து ஒரு பெண் வந்தாள். மூன்று நாள் என் சோற்றையும் கறியையும் சாப்பிட்டாள். நாலாம் நாள் குசினிக்குள் வந்து, "நான் ஆக்கவா" என்று கைச்சாடையில் கேட்டாள். அரிசியைக் கழுவி, எண்ணெயில் பொன் நிறமாக வறுத்து, அரைத்த தக்காளியை ஊற்றி, கோழி அவித்த தண்ணீரில் வேகவிட்டாள். கொஞ்சம் கரட், கொஞ்சம் பட்டாணி. அவர்கள் வீடுகளில் இதை இறைச்சிக்குப் பக்கத்தில், சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில், தொட்டுக்கொள்ளத்தான் வைப்பார்களாம்.

அவள் ஆக்கியது உதிரியாக வந்தது. நான் ஆக்கினால் குழைகிறது. கற்பிட்டியில் சோறு என்றால் சாரா உம்மா, நீங்கள்தான். வேறு யாரிடம் கேட்பேன்?

இன்னொன்று. நீங்கள் இப்போது கலியாணச் சமையல் ஒன்றுக்கும் ஒத்துக்கொள்வதில்லை என்று வின்சன்ட் சொன்னார். இறந்தவருக்காகக் கத்தம் ஓதுகிற வீட்டுக்காரர் வந்து கேட்டும் இல்லை என்றீர்களாம். ஏன் ராத்தா?

பதில் எழுதுங்கள், ஏசியாவது எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி,
நுஸ்ரா


கற்பிட்டி
2024.08.12

நுஸ்ராவுக்கு,

ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை, அதனால் மட்டும்: வஅலைக்குமுஸ்ஸலாம்.

வாயால் கதைக்க மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். கையையும் சேர்த்துச் சொல்ல மறந்துவிட்டேன், அது என் பிழை. சந்தோஷப்படாதே. உன்னை ஏசுவதற்கு எனக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது.

சோற்றைத் தொட்டுக்கொள்ள வைப்பார்களாம். எதைச் சாப்பிட்டுக்கொண்டு? சோறு என்றால் நடுவில் இருப்பது. கறி, சுண்டல், சம்பல், பப்படம் எல்லாம் அதைச் சுற்றி வந்து நிற்க வேண்டும். மாப்பிள்ளையைக் கதிரையிலிருந்து எழுப்பி ஓரத்தில் நிறுத்திவிட்டு, அவன் மச்சானைக் கொண்டுபோய் இருத்துகிற ஊர் அது. அந்த ஊர்க்காரி நாலு நாள் தங்கினாளாம், என் தங்கச்சி நாற்பத்தொரு வயதில் அவளிடம் சோறாக்கப் படித்தாளாம்.

நிறத்தைப் பற்றிக் கேட்காதே. சீமெந்துத் தரைக்குப் பூசுகிற சிவப்புப் பொலிஷ் தோற்றுப்போகும். கரட்டும் பட்டாணியும் ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரருக்குக் கொடுப்பது. உன் மச்சான் இரண்டு கோப்பை தின்றார். அது உனக்குப் புகழ்ச்சி இல்லை, மணலைத் தாளித்துக் கொடுத்தாலும் அவர் தின்பார்.

குழையாமல் என்ன செய்யும்? கீரிச் சம்பாவில் இந்தக் கூத்தை ஆடியிருக்கிறாய். பசுமதி எடு. கழுவினால் காயவிடு. நீ தலைமயிரையே காயவிடாமல் முடிகிறவள், அரிசியையா காயவிட்டிருப்பாய். ஈர அரிசி எண்ணெயில் வறுபடாது, அவியும். தக்காளியும் தண்ணீர்தான், அதையும் சேர்த்து ஒன்றுக்கு ஒன்றரை அளந்து ஊற்று. மூடினால் மூடினதுதான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து அகப்பையால் கிண்டியிருக்கிறாய், சோற்றைப் பார்த்தாலே தெரிகிறது.

மணமே இல்லை. உள்ளிப் பூண்டு இல்லை, நற்சீரகம் இல்லை, தக்காளித் தண்ணீரில் அவித்த அரிசி. எலுவன்குளத்தில் யானைக்குப் பஞ்சமில்லை, நற்சீரகத்துக்கு மட்டும் பஞ்சமா?

வெறும் பாத்திரம் திருப்பி அனுப்புகிற பழக்கம் என் வீட்டில் இல்லை. அதனால் பெட்டியில் ஒரு கட்டுச் சின்ன வெங்காயமும் கட்டாக் கருவாடும் வைத்திருக்கிறேன். உனக்காக இல்லை, பெட்டிக்காக.

சமையலுக்கு ஒத்துக்கொள்வதும் கொள்ளாததும் என் விருப்பம். வயசு போன மனுஷிக்கு ஓய்வு வேண்டாமா? அதைச் சபையில் சொன்னது நீதானே.

சாரா உம்மா


எலுவன்குளம்
2024.08.20, செவ்வாய்

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். இவரும் வாசித்தார். "ஏச்சுக்குள்ள ஒரு சமையல் புத்தகமே ஈக்குது" என்று சிரித்தார்.

நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் செய்தேன். பசுமதி வாங்கினேன். கழுவிப் பாயில் பரப்பி விசிறிக்குக் கீழே காயவைத்தேன், தலைமயிரையும்தான். தண்ணீரை அளந்தேன். மூடியைத் திறக்காமல் இருக்க, அதன் மேல் அம்மிக்குழவியை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நின்றேன். நற்சீரகமும் உள்ளியும் நீங்கள் சொன்னபடி தாராளமாகத் தக்காளியோடு சேர்த்து அரைத்தேன். பெட்டியைத் திறந்து சரியா பிழையா என்று சொல்லுங்கள்.

சத்தியத்தைப் பற்றி இவர் மௌலவியிடம் கேட்டார். ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமோடு மூன்று நாளைக்கு மேல் கதைக்காமல் இருக்கக் கூடாதாம். அப்படிச் சத்தியம் செய்திருந்தால் முறித்துவிட்டு, பரிகாரமான கபாறாவாகப் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தால் போதுமாம். ஐந்நூறு பேருக்கு ஆக்கின கைக்குப் பத்துப் பேர் எம்மாத்திரம்?

வெங்காயம் இனிக்கிறது. கருவாட்டைப் பொரித்தேன். பெட்டிக்கு உங்கள் அன்பைச் சொல்லிவிட்டேன்.

உங்கள் தங்கச்சி,
நுஸ்ரா


கற்பிட்டி
2024.08.26

நுஸ்ராவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

உதிரியாக வந்திருக்கிறது. அதற்கு நீ துள்ள வேண்டாம், அது என் மூளை, உன் விரல். நற்சீரகம் போட்டதும் பார்த்தாயா, சோறு சோறாகிவிட்டது. பெட்டியைத் திறந்ததுமே மூக்கில் ஏறியது. இதைத்தான் முதலிலேயே சொன்னேன். உன் மெக்சிக்கோக்காரிக்கு இது தெரிந்திருந்தால் அவள் ஊரில் சோற்றை ஓரத்தில் வைத்திருக்க மாட்டார்கள்.

உன் மச்சான் ஒரு வாய் வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, கடைப் பாண் எடுத்துச் சாப்பிட்டார். போன முறை இரண்டு கோப்பை தின்ற மனுஷன். ருசி தெரியாத ஆளுக்கு நல்லது கெட்டது எல்லாம் ஒன்றுதான்.

பத்துப் பேருக்குச் சோறு போடுவது எனக்குப் பெரிய காரியமில்லை. உன்னோடு கதைப்பதுதான் பெரிய காரியம். இவ்வளவும் செய்துவிட்டு, கபாறா எத்தனை பேர் என்று மௌலவியிடம் கேட்டு எனக்குப் பாடம் எடுக்கிறாய்.

மறந்துவிட்டாய் என்றால் ஞாபகப்படுத்துகிறேன். புரியாணிச் சட்டி தம்மில் இருக்கிறது. நான் பக்கத்தில் நிற்கிறேன். மாப்பிள்ளையின் உம்மா சமையல் கொட்டில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீ உள்ளேயிருந்து ஓடி வந்து, "ராத்தா, அடிப்பிடிக்குது, நெருப்ப இழுங்க" என்று கத்தினாய். முப்பது வருஷம் சட்டிக்குப் பக்கத்தில் நின்றவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதா? "சும்மா இரி" என்றேன். சட்டியில் ஒரு குறையும் இருக்கவில்லை. உன் கரிநாக்கு பட்டது, கருகியது.

பந்தியில் சஹன் தட்டைத் திறந்ததும் அந்த மனுஷி, "கற்பிட்டியில புரியாணிக்கும் புகை போடுவீங்களா" என்று கேட்டாள். கூடப்பிறந்தவள் என்ன சொல்ல வேண்டும்? "எங்கட ராத்தாக்கு வயசு போயிட்டு, மனசில வெச்சிக்காதீங்க" என்றாய். எனக்கு வயசு ஐம்பத்திரண்டு. என் மகளின் கலியாணம். நீ ஒரு வசனத்தில் என்னைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டாய்.

பெட்டியில் தேசிக்காய் ஊறுகாய் இருக்கிறது. முன்பு போட்டது, நல்லது. உன் அந்தச் சிவப்புச் சோற்றை விழுங்க ஏதாவது வேண்டுமே.

சாரா உம்மா


எலுவன்குளம்
2024.09.03, செவ்வாய்

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். இந்தக் கடிதத்தை எழுதலாமா விடலாமா என்று ஒரு கிழமை யோசித்தேன்.

முதல் பெட்டியில் நற்சீரகம் இருந்தது ராத்தா. உள்ளி ஒரு முழுக் கட்டி இருந்தது. அந்த மெக்சிக்கோக்காரி போட்டதைவிட மூன்று மடங்கு போட்டிருந்தேன், கை தவறிவிட்டது. அடுத்த கிழமை வந்தபோது வின்சன்ட், "என்ன அக்கா அனுப்பினீங்க, வேனெல்லாம் நற்சீரகம் மணந்துச்சு, கருவாடே தோத்துப்போச்சு" என்றார். அதே கையால் மணமே இல்லை என்ற உங்கள் கடிதத்தையும் தந்தார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது.

அதனால் இரண்டாம் பெட்டியில் ஒரு கெட்ட வேலை செய்தேன். நற்சீரகம் போட்டதாகப் பொய் எழுதினேன். அதில் நற்சீரகமும் இல்லை, உள்ளியும் இல்லை. ஒரு கரண்டி ரோஜாப் பன்னீர் ஊற்றியிருந்தேன். மச்சான் உங்களை ஒரு மாதிரிப் பார்த்தது அதற்காகத்தான். நீங்கள் நற்சீரகம் மூக்கில் ஏறியது என்று எழுதினீர்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் ராத்தா, இதை மறைக்க முடியாது. உங்களுக்கு மணம் தெரிவதில்லை. நோன்புக்கு முந்திய மாதம் வந்த காய்ச்சலில் போனதா? கலியாணத்தன்று நீங்கள் வீம்புக்கு நிற்கவில்லை. கருகிய மணம் உங்களுக்கு வரவே இல்லை. அது தெரியாமல் நான் வயசு என்று சொன்னேன். அதனால்தானே யார் கேட்டாலும் சமையல் இல்லை என்கிறீர்கள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை?

பெட்டியில் எருமைத் தயிர் இருக்கிறது. அதில் ஒரு சோதனையும் இல்லை.

நுஸ்ரா


கற்பிட்டி
2024.09.09

நுஸ்ரா,

பன்னீர் செத்துப்போன மையித்துக்கும் தெளிப்பது. எனக்குத் தெளித்துப் பார்த்துவிட்டாய்.

பெட்டி வெறுமையாக வருகிறது. இனி அதை இங்கே அனுப்பாதே.


எலுவன்குளம்
2024.09.17, செவ்வாய்

அன்புள்ள ராத்தாவுக்கு,

பெட்டியைத் திறந்து பார்த்தேன். கழுவித் துடைத்து, ஒரு வெங்காயத் தோல்கூட இல்லாமல் வந்தது. என் கலியாணத்துக்குப் பிறகு இந்த இருபது வருஷத்தில் உங்கள் வீட்டிலிருந்து ஒரு பாத்திரமும் இப்படி வந்ததில்லை. நான் குசினியில் இருந்து அழுதேன். இவர் கேட்டார், வெங்காயம் என்றேன். வெங்காயம் எங்கே என்று கேட்டார்.

நான் செய்தது கள்ள வேலை. என்னை மன்னித்துவிடுங்கள். கலியாண வீட்டில் சொன்னதற்கும் மன்னித்துவிடுங்கள். அந்த மனுஷியின் வாயை அடைக்க ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், முதலில் வந்ததைச் சொன்னேன். அது உங்கள் மேல்தான் விழும் என்று யோசிக்கவில்லை. சொன்ன பிறகு உங்கள் முகத்தைப் பார்த்தேன். இன்னும் அந்த முகம்தான் தெரிகிறது.

உங்கள் மூக்கைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை, இவரிடம்கூட.

நீங்கள் ஏசினாலும் பரவாயில்லை, ஒன்று சொல்லவேண்டும். போன கிழமை இரண்டு மூக்குத் துளையிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு மெக்சிக்கோச் சோறு ஆக்கினேன். காதை வைத்து ஆக்கலாம் ராத்தா. அரிசியைக் கிண்டும்போது முதலில் ஈர மணலைக் கிண்டுவது போல அமுங்கிய சத்தம். நேரம் போகப் போகப் பாசிமணி உருளுகிற மாதிரி மாறும். அப்போது பார்த்தால் பொன் நிறம். தண்ணீர் இருக்கும்வரை மூடிக்குள் ஒரே கொதிச் சத்தம். வற்றினால் அடங்கி, அடியில் மெல்ல வெடிக்கத் தொடங்கும். அந்த நேரம் நெருப்பை இழுக்க வேண்டும். மூன்று தரம் ஆக்கினேன். ஒரு தரம்தான் கருகியது, அதுவும் அடுத்த வீட்டுக்காரி வந்து கதைத்ததால். முப்பது வருஷம் சட்டிக்குப் பக்கத்தில் நின்ற காது உங்களுடையது. என்னைவிட நன்றாகக் கேட்கும்.

பெட்டியை அனுப்பாதே என்றீர்கள். அனுப்புகிறேன். நானும் வெறுமையாகத்தான் அனுப்புகிறேன். நிரப்புவதும் உடைத்துப் போடுவதும் உங்கள் விருப்பம்.

உங்கள் தங்கச்சி,
நுஸ்ரா


கற்பிட்டி
2024.09.23

நுஸ்ராவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். போன கடிதத்தில் நீ ஸலாம் எழுதவில்லை. அழுகிற அவசரத்தில் மறந்திருப்பாய். அதற்கு முந்தினதற்கு நானும் பதில் சொல்லவில்லை, இரண்டுக்குமாகச் சொல்லிவைக்கிறேன்.

மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு சோறாக்கினாளாம். பஞ்சை அடைப்பதும் மையித்துக்குத்தான். நீ உயிரோடு இருக்கிற ஆட்களுக்கு ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்யமாட்டாய்.

காதால் ஆக்கலாம் என்று எனக்கே சொல்லித்தருகிறாய். சின்னச் சட்டிகளை ஏழு மாதமாக நான் வேறு எதனால் ஆக்குகிறேன் என்று நினைத்தாய்? பெரிய சட்டிதான் என்னைக் கைவிட்டது. கலியாண வீட்டில் ஒலிபெருக்கியும் பிள்ளைகளின் கூச்சலுமாக இருந்தது, சட்டி சொன்னது எனக்குக் கேட்கவில்லை. நீ சொன்னது கேட்டது. கேட்டும் சும்மா இரி என்றேன். அன்று சட்டி கருகியது. நீ சொன்னது சரி. எழுதிவிட்டேன், வாயால் ஒருநாளும் சொல்லமாட்டேன், எதிர்பார்த்துக்கொண்டு நிற்காதே.

காய்ச்சலில்தான் போனது. உன் மச்சானுக்கு மட்டும் தெரியும். பெருநாளைக்குள் வந்துவிடும், கலியாணத்துக்குள் வந்துவிடும் என்று இருந்தேன். வரவில்லை. கோப்பிக்கும் சுடுதண்ணீருக்கும் எனக்கு வித்தியாசம் இல்லை. இதை யாரிடம் சொல்வது? சாரா உம்மாவுக்கு மூக்கில்லை என்று ஊர் சிரிக்கட்டும் என்றா? றுஷ்னா முழுகாமல் இருக்கிறாள், உனக்குச் சொல்லியிருப்பாள். பிள்ளை பிறந்தால் அதன் உச்சந்தலையை மணந்து பார்க்க முடியாதே என்று இரவெல்லாம் எண்ணிக்கொண்டு கிடக்கிறேன். அதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் நீ அழுவாய் என்பதுதான். இப்போது அழுகிறாய், எனக்குத் தெரியும். மூக்கைச் சீறிவிட்டு மிச்சத்தை வாசி.

கபாறாவைப் பற்றி நானும் உன் மச்சானை அனுப்பிக் கேட்டேன். வீட்டில் நாம் சாப்பிடுகிற சாப்பாட்டில் நடுத்தரமானதைப் பத்துப் பேருக்குக் கொடுக்க வேண்டுமாம். உன் மெக்சிக்கோச் சோறு நடுத்தரத்துக்கு எட்டாது. அதை மட்டும் போட்டுச் சத்தியத்தை முறித்தால் மறுமையில் என்னை நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். அதனால் நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும் ஆக்கப்போகிறேன். உன் சோற்றையும் ஒரு சட்டி ஆக்கு. நெய்ச்சோற்றுக்குப் பக்கத்தில், ஓரத்தில், தொட்டுக்கொள்ள வைப்போம். சோற்றுக்குச் சோற்றைத் தொட்டுத் தின்ற முதல் பத்துப் பேர் கற்பிட்டியில் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பந்தி. நீ வியாழனே வந்துவிடு. உன் புருஷன் தாஹிரிடம் சொல்லு, வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு நாளைக்குப் பாணைத் தின்னட்டும். வந்தால் நான் கதைக்கமாட்டேன். பத்தாவது ஆள் சாப்பிட்டுக் கை கழுவும்வரை சத்தியம் சத்தியம்தான். நீ கதை. நெய்ச்சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில், அன்று நின்ற அதே இடத்தில் நின்று, அடிப்பிடிக்கிறது என்றால் அன்று கத்தினது போலவே கத்து. இந்த முறை நெருப்பை இழுப்பேன்.

பெட்டியில் நற்சீரகம் இருக்கிறது. பழையதா புதியதா என்று எனக்குத் தெரியவில்லை. நீ மணந்து பார். பழையது என்றால் வரும் வழியில் புத்தளத்தில் இறங்கி நல்லதாக வாங்கிக்கொண்டு வா.

உன் ராத்தா